இளஞ்சிறார் கற்றலில் ஒழுங்கும் புதுமையும்

நுழையும்முன்

பேசத் தெரிந்த குழந்தையைப் படிக்கவும் எழுதவும் எண்ணவும் தெரிந்த குழந்தையாக வளர்ப்பது தொடக்கக் கல்வியின் முதற்பணி. அப்பணியில் நாள்தோறும் மாறாமல் நடக்க வேண்டியவை எவை, மாறிக்கொண்டே இருக்க வேண்டியவை எவை என்னும் வினா ஆசிரியர் முன் எப்போதும் நிற்கிறது. பெற்றோரும், தம்பி தங்கையர்க்குப் பாடம் சொல்லித்தரும் உங்களைப் போன்றோரும் இவ்வினாவை எதிர்கொள்கின்றனர். அதற்கான விடையைத் தேடுகிறது இப்பாடம்.

இரு பழமொழிகள்

‘அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்’ என்பது நம் பழமொழி. ‘பழகப் பழகப் பாலும் புளிக்கும்’ என்பதும் நம் பழமொழியே. திரும்பத் திரும்பச் செய்தால் அரிய செயலும் கைகூடும் என்கிறது முன்னது. திரும்பத் திரும்ப வந்தால் இனிய பொருளும் சலித்துவிடும் என்கிறது பின்னது. முரணாகத் தோன்றும் இவ்விரண்டையும் நம் வீட்டு முதியோர் ஒரே நாளில் சொல்லக் கேட்டிருப்போம். இரண்டுமே உண்மை, எது எவ்விடத்திற்குப் பொருந்தும் என்பதே அறிய வேண்டியது.

இரண்டு முதல் வகுப்புகளைக் கற்பனை செய்துகொள்வோம். ஒன்றில் ஆசிரியர் நாள்தோறும் உயிரெழுத்துகளைக் கரும்பலகையில் எழுதுகிறார். குழந்தைகள் ஒருமித்த குரலில் சொல்கின்றனர். பின்பு பலகையில் ஐந்து முறை எழுதுகின்றனர். மூன்று மாதங்களில் பன்னிரண்டு எழுத்துகளையும் ஒரே மூச்சில் ஒப்பிக்கின்றனர். ஆனால், ‘எ’ என்னும் எழுத்தை மட்டும் தனியே காட்டிக் கேட்டால், வாய்க்குள் ‘அ’விலிருந்து தொடங்கி எண்ணிக்கொண்டு வருகின்றனர். மற்றொரு வகுப்பில் ஒவ்வொரு நாளும் புதிய விளையாட்டு, புதிய பாடல், புதிய இருக்கை அமைப்பு. குழந்தைகள் விரும்பிப் பள்ளிக்கு வருகின்றனர். ‘இன்று என்ன எழுத்துப் படித்தாய்?’ என்று வீட்டில் கேட்டால் விளையாட்டைப் பற்றிச் சொல்கின்றனர். எழுத்து நினைவில் இல்லை.

இரு வகுப்பிலும் ஆசிரியரின் உழைப்பில் குறைவில்லை. குழந்தைகளின் அறிவிலும் குறைவில்லை. ஒன்றில் புதுமை இல்லை. மற்றொன்றில் ஒழுங்கு இல்லை. இது சிறிய குறையன்று. முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் படிக்கத் தெரியாமற்போன குழந்தைக்கு, அடுத்துவரும் வகுப்புகளின் எல்லாப் பாடங்களும் பூட்டிய கதவுகளாகின்றன. ‘எனக்குப் படிப்பு வராது’ என்னும் முடிவுக்கு அக்குழந்தை பத்து வயதிற்குள் வந்துவிடக்கூடும். கற்பித்த முறையின் பிழைக்குக் கற்க வந்தவர் பொறுப்பேற்கும் அந்நிலையைத் தவிர்ப்பதற்காகவே இவ்வினாவை நாம் ஆராய வேண்டியுள்ளது.

ஒழுங்கு தரும் துணிவு

ஐந்து வயதுக் குழந்தைக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. ‘இன்னும் இரண்டு மணி நேரத்தில் வீட்டுக்குப் போகலாம்’ என்பது அதற்குப் பொருளற்ற தொடர். நிகழ்ச்சிகளின் வரிசையே அதன் கடிகாரம். காலை உணவு, வணக்கப் பாடல், வருகைப் பதிவு, கதை, எழுத்து, விளையாட்டு, மதிய உணவு, உறக்கம் என வரிசை மாறாமல் நடக்கும் இடத்தில், ‘உறங்கி எழுந்தால் அம்மா வருவார்’ என்பதைக் குழந்தை தானே அறிந்துகொள்கிறது. முதல் வாரம் அழுத குழந்தை, மூன்றாம் வாரம் சிரித்துக்கொண்டு வருவதற்கு இவ்வறிவும் ஒரு காரணமாகும்.

ஒழுங்கினால் கிடைக்கும் இரண்டாவது பயன் கற்றலோடு நேரடித் தொடர்புடையது. மனம் ஒரே நேரத்தில் கையாளக்கூடிய செய்திகளின் அளவு வரையறைக்கு உட்பட்டது. சிறுவர்க்கு அவ்வளவு மேலும் குறைவு. எங்கே அமர்வது, பலகையை எப்போது எடுப்பது, முடித்தவர் என்ன செய்வது என்பனவெல்லாம் பழக்கமாகிவிட்டால், அவற்றை நினைப்பதில் மனம் செலவழிவதில்லை. அவ்வாறு மிஞ்சும் கவனம் முழுவதும் புதிய எழுத்திற்கும் எண்ணிற்கும் கிடைக்கிறது.

சில குழந்தைகளுக்கு ஒழுங்கு உயிர்நாடி போன்றது. வேலை தேடி ஊர்விட்டு ஊர் செல்லும் பெற்றோருடன் அலையும் குழந்தைக்கு, நாள்தோறும் ஒரே நேரத்தில் ஒரே பாடலுடன் தொடங்கும் வகுப்பே மாறாத ஓர் இடமாக அமையலாம். மதியிறுக்கம் உடைய குழந்தைகள் பலர், எதிர்பாராத சிறு மாற்றத்தையும் தாங்க இயலாமல் தவிப்பர். அத்தகையோர்க்கு அன்றைய நிகழ்ச்சிகளைப் படங்களாக வரிசைப்படுத்திக் காட்டுவதும், மாற்றம் இருப்பின் அதனை முன்கூட்டியே சொல்வதும் பெருந்துணை புரியும்.

‘அதே கதையைச் சொல்லுங்கள்’

உறங்கும்முன் கதை கேட்கும் குழந்தை நேற்றுக் கேட்ட கதையையே இன்றும் கேட்கிறது. நரிக்குப் பதிலாக ஓநாய் என்று பாட்டி மாற்றிச் சொன்னால் உடனே திருத்துகிறது. பெரியோர்க்குச் சலிப்பூட்டும் இவ்விருப்பம் கற்றலின் ஒரு வழியாகும். முதல் முறை கேட்கும்போது ‘அடுத்து என்ன நடக்கும்?’ என்பதில் கவனம் செல்கிறது. கதை தெரிந்தபின் கவனம் சொற்களின்மீது திரும்புகிறது.

இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011ஆம் ஆண்டு வெளியிட்ட ஓர் ஆய்வு இதனை உறுதிசெய்கிறது. மூன்று வயதுக் குழந்தைகளுக்குக் கதைகளின் வழியே சில புதிய சொற்கள் அறிமுகப்படுத்தப்பட்டன. ஒரு பிரிவினர் ஒரே கதைகளைத் திரும்பத் திரும்பக் கேட்டனர். மற்றொரு பிரிவினர் வெவ்வேறு கதைகளைக் கேட்டனர். புதிய சொற்கள் இரு பிரிவினர்க்கும் ஒரே எண்ணிக்கையில்தான் வந்தன. ஆயினும், ஒரே கதைகளைக் கேட்ட குழந்தைகளே அச்சொற்களை நன்கு கற்றிருந்தனர்.

இத்தாலிய மருத்துவரும் கல்வியாளருமான மரியா மாண்டிசோரி, 1907ஆம் ஆண்டு ரோம் நகரில் உழைக்கும் மக்கள் வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியில் ‘குழந்தைகள் இல்லம்’ என்னும் பள்ளியைத் தொடங்கினார். அங்கு ஏறத்தாழ மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, வெவ்வேறு அளவுள்ள மர உருளைகளை அவற்றிற்குரிய குழிகளில் பொருத்திக்கொண்டிருந்ததை அவர் கண்டார். பொருத்தி முடித்ததும் எல்லாவற்றையும் வெளியே எடுத்து மீண்டும் பொருத்தினாள். மற்றக் குழந்தைகளைச் சுற்றி நின்று பாடச் செய்தபோதும், நாற்காலியோடு அவளைத் தூக்கி மேசைமேல் வைத்தபோதும் அவள் கவனம் கலையவில்லை. நாற்பது முறைக்கும் மேல் செய்தபின், யாரும் சொல்லாமலே மனநிறைவோடு நிறுத்தினாள். அச்சிறுமிக்கு அது சலிப்பு அன்று, பயிற்சி. எப்போது நிறுத்த வேண்டும் என்பதையும் அவளே அறிந்திருந்தாள்.

பழகிய பால்

இனி மறுபக்கத்தைக் காண்போம். குழந்தையின் கண்கள் புதியதைத் தேடும் இயல்புடையன. அமெரிக்க உளவியல் அறிஞர் இராபர்ட் ஃபான்ட்ஸ் 1964ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்றில், கைக்குழந்தைகளுக்கு ஒரே நேரத்தில் இரு படங்களைக் காட்டினார். ஒன்று ஒவ்வொரு முறையும் மாறாத படம். மற்றொன்று ஒவ்வொரு முறையும் புதிய படம். இரண்டு மாதத்திற்கு மேற்பட்ட குழந்தைகள், மாறாத படத்தைப் பார்க்கும் நேரத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு புதிய படத்தையே நோக்கினர். முற்றிலும் அறிந்த ஒன்றில் கற்பதற்கு எதுவும் இல்லை என்பதை மனம் தானே உணர்ந்து விலகுகிறது.

மாறாத பயிற்சியில் மற்றோர் இடரும் உண்டு. குழந்தை, கற்க வேண்டியதை விட்டுவிட்டு வேறொன்றைப் பற்றிக்கொள்ளும். ‘அ’வுக்கு எப்போதும் அணில் படத்தையே காட்டினால், குழந்தை எழுத்தைப் பார்க்காமல் அணிலைப் பார்த்து ‘அ’ என்று சொல்லப் பழகிவிடும். ‘இரண்டும் மூன்றும் ஐந்து’ என்னும் கணக்கைக் கரும்பலகையின் ஒரே மூலையில் கண்ட குழந்தை, ‘மூன்றும் இரண்டும் எவ்வளவு?’ எனக் கேட்டால் விழிக்கும். இவையெல்லாம் கற்றல்போலத் தோன்றும் பழக்கங்கள்.

பயிற்சியில் மாற்றம் ஏன் வேண்டும் என்பதை 1978ஆம் ஆண்டில் கெர், பூத் என்னும் ஆய்வாளர்கள் நடத்திய எளிய சோதனை விளக்கும். எட்டு வயதுச் சிறுவர்கள், சிறு பைகளை இலக்கு நோக்கி எறியும் பயிற்சி பெற்றனர். ஒரு பிரிவினர் மூன்றடித் தொலைவிலிருந்து மட்டுமே எறிந்து பழகினர். மற்றொரு பிரிவினர் இரண்டடியிலிருந்தும் நான்கடியிலிருந்தும் மாறி மாறி எறிந்து பழகினர். இறுதியில் எல்லாரும் மூன்றடித் தொலைவிலிருந்து எறிந்தனர். அத்தொலைவில் ஒருமுறையும் பயிலாத இரண்டாம் பிரிவினரே துல்லியமாக எறிந்தனர். எறிதல் உடற்பயிற்சி, எழுத்தறிதல் அறிவுப் பயிற்சி. எனினும், ஒரே நிலையில் மட்டும் பயின்றவர் அந்நிலையைக் கற்கிறார், பல நிலைகளில் பயின்றவர் திறனைக் கற்கிறார் என்னும் கருத்து இரண்டிற்கும் பொருந்துவதாகும்.

புதுமையும் அளவும்

அவ்வாறாயின், எல்லாவற்றையும் நாள்தோறும் மாற்றிவிடலாமா? மாற்றலாகாது. புதிய விளையாட்டொன்றைக் கொண்டுவந்தால் அதன் விதிகளைச் சொல்லித்தர வேண்டும். முப்பது நிமிட வகுப்பில் இருபது நிமிடம் விதிகளுக்கே போய்விட்டால் எழுத்திற்குக் கிடைப்பது பத்து நிமிடமே. மேலும், விதியும் புதிது, எழுத்தும் புதிது என்றால் குழந்தையின் மனம் இரண்டில் எளியதையே எடுத்துக்கொள்ளும். அது பெரும்பாலும் விளையாட்டாகவே இருக்கும்.

அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வும் இங்குக் கருதத்தக்கது. சுவர்கள் முழுவதும் படங்களாலும் அட்டைகளாலும் நிறைந்த அறையில் மழலையர் வகுப்புக் குழந்தைகளுக்குச் சில பாடங்களும், சுவர்கள் வெறுமையாக இருந்த அறையில் வேறு சில பாடங்களும் நடத்தப்பட்டன. படங்கள் நிறைந்த அறையில் அவர்களின் கவனம் மிகுதியாகச் சிதறியது. கற்ற அளவும் குறைந்தது. வகுப்பறைச் சுவர்களை வெறுமையாக்க வேண்டும் என்பது இதன் பொருளன்று. அன்றைய பாடத்திற்குத் துணைசெய்யாத கவர்ச்சி, அப்பாடத்திற்குப் போட்டியாகிவிடும் என்பதே இதனால் பெறப்படுவதாகும்.

கோலமும் இசையும் காட்டும் வழி

ஒழுங்கையும் புதுமையையும் இணைக்கும் வழி நம் வீட்டு வாசலிலேயே உள்ளது. கோலமிடும் நேரம் விடியற்காலை, இடம் வாசல், பொருள் மாவு, முதலில் வைப்பன புள்ளிகள். இவை மாறுவதில்லை. புள்ளிகளைச் சூழ்ந்து வளையும் கோடுகளோ நாள்தோறும் மாறுகின்றன. புள்ளிகள் இல்லையேல் கோடுகள் தடுமாறும். கோடுகள் மாறவில்லையேல் கோலம் வெறும் கடமையாகும். கோலம் பழகும் சிறுமிக்குத் தாய் முதலில் புள்ளிகளை வைத்துத் தருகிறார், சிறுமி கோடிழுக்கிறாள்.

கருநாடக இசையைக் கற்பிக்கும் முறையிலும் இவ்வமைப்பைக் காணலாம். தொடக்க மாணவர் சரளி வரிசையை மாயாமாளவகௌளை என்னும் ஒரே இராகத்தில், ஆதி தாளத்தில் பயில்கிறார். இராகமும் தாளமும் மாறா; சுரங்களின் வரிசை மட்டும் மாறும். ஒவ்வொரு வரிசையையும் மூன்று காலங்களில் பாடும்போது வேகம் மட்டும் மாறும். பின்னர் அலங்காரங்களைப் பயிலும்போது இராகம் அப்படியே இருக்க, தாளங்கள் ஏழாக விரிகின்றன. ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் மாறுகிறது என்பதே இம்முறையின் நுட்பம்.

இவற்றிலிருந்து கற்பித்தலுக்குரிய நெறியொன்றை வகுத்துக்கொள்ளலாம்: புதிய பொருளைப் பழகிய முறையில் கற்பிக்க வேண்டும், பழகிய பொருளைப் புதிய முறையில் பயிற்றுவிக்க வேண்டும். பொருளும் முறையும் ஒருசேரப் புதியனவாயின் குழப்பம் விளையும். இரண்டும் ஒருசேரப் பழையனவாகவே நீடிப்பின் சலிப்பு விளையும்.

ஓர் எழுத்து, ஐந்து நாள்கள்

இந்நெறியை ஒரு வார வகுப்பில் பொருத்திப் பார்ப்போம். குழந்தைகள் ட, ட், ம, ம் ஆகியவற்றை அறிந்துள்ளனர். ‘ப’ புதிய எழுத்து. பாடல், எழுத்து அறிமுகம், எழுதுதல், விளையாட்டு, கதை என்பது நாள்தோறும் மாறாத வரிசை.

திங்களன்று எல்லாம் பழகியவை. ‘ப’ மட்டுமே புதியது. குழந்தைகள் எப்போதும்போல மணலில் விரலால் எழுதி, பின்பு பலகையில் எழுதுகின்றனர். செவ்வாயன்றும் அதே செயல்கள். இன்னும் பிடிபடாத குழந்தைகளுக்கு அருகமர்ந்து கைபிடித்துக் காட்ட ஆசிரியருக்கு நேரம் கிடைக்கிறது. புதனன்று கருவி மாறுகிறது. புளியங்கொட்டைகளை அடுக்கி ‘ப’ வடிவம் அமைக்கின்றனர். வியாழனன்று இடம் மாறுகிறது. பழைய செய்தித்தாளின் தலைப்புகளிலும் பேருந்துப் பலகையிலும் கடைப் பெயர்களிலும் ‘ப’வைத் தேடி வட்டமிடுகின்றனர். படம் துணைக்கு இல்லாத இடத்திலும் எழுத்தை இனங்காண்பதே உண்மையான எழுத்தறிவு. வெள்ளியன்று பணி மாறுகிறது. எழுத்து அட்டைகளைச் சேர்த்துப் படம், பட்டம், மடம், மட்டம் எனச் சொற்களை அவர்களே உருவாக்கிப் படிக்கின்றனர்.

அடுத்த திங்களன்று வேறோர் எழுத்து அதே வரிசையில் வரும். ‘ப’ மறைந்துவிடுவதில்லை; சில நாள்கள் கழித்தும், சில வாரங்கள் கழித்தும் மீண்டும் தலைகாட்டும். ஒரே நாளில் குவித்துப் படிப்பதைவிட இடைவெளி விட்டு மீளப் படிப்பதே நினைவில் நிலைக்கும் என்பதைச் செருமானிய உளவியலாளர் எர்மன் எபிங்காஸ் 1885ஆம் ஆண்டிலேயே தம் நினைவாற்றல் ஆய்வுகளின் வழி எடுத்துரைத்தார்.

முகம் பார்த்து அறிதல்

எந்நாளில் மாற்ற வேண்டும் என்பதைக் கால அட்டவணை முழுமையாகச் சொல்லிவிடாது. குழந்தையின் முகமே சொல்லும். ஆனால், அம்முகத்தைச் சரியாகப் படிக்க வேண்டும். கவனம் சிதறுவதற்கு இரு காரணங்கள் உண்டு. பாடம் புரியாத குழந்தையும் சன்னல் வழியே வெளியே பார்க்கும். பாடம் முற்றிலும் தெரிந்த குழந்தையும் சன்னல் வழியே வெளியே பார்க்கும். முன்னதற்குத் தேவை, பழகிய முறையில் இன்னும் ஒருமுறை. பின்னதற்குத் தேவை, புதிய பயிற்சி. இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் புரியாத குழந்தை மேலும் குழம்பும். தெரிந்த குழந்தை மேலும் சலிப்படையும்.

வேறுபாட்டை அறிய எளிய வழியொன்று உண்டு. கற்றதைச் சற்றே இடம்மாற்றிக் கேட்க வேண்டும். வரிசையிலிருந்து எழுத்தைப் பிரித்துக் காட்டலாம். விரல்களில் எண்ணியதைக் கூழாங்கற்களில் எண்ணச் சொல்லலாம். தயங்காமல் சொல்லும் குழந்தை புதுமைக்கு ஆயத்தமாகிவிட்டது. தடுமாறும் குழந்தையிடம் ‘எத்தனை முறை சொல்வது?’ என்று சினந்துகொள்வதில் பயனில்லை. எத்தனை முறை தேவையோ அத்தனை முறை என்பதே அதற்குரிய விடை.

தமிழ்நாட்டு வகுப்பறைகளில்

நம் மாநிலத்தின் தொடக்கக் கல்வியிலும் இத்தேடல் தொடர்ந்து நடந்துவருகிறது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003ஆம் ஆண்டளவில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் முறை, பின்னர் மாநிலம் முழுவதும் பரவியது. படிநிலை வரிசை ஒன்றே. அதில் ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் அட்டைகளின் துணையோடு முன்னேறலாம் என்பது அதன் அடிப்படை.

பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டதால் உண்டான கற்றல் இடைவெளியைக் குறைப்பதற்காக, 2022-2023ஆம் கல்வியாண்டில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையிலான குழந்தைகளுக்கு ‘எண்ணும் எழுத்தும்’ இயக்கம் தொடங்கப்பட்டது. குழந்தைகளின் கற்றல்நிலை அரும்பு, மொட்டு, மலர் எனப் பகுக்கப்பட்டது. பாடலும் கதையும் பொம்மலாட்டமும் கற்பித்தலில் இடம்பெற்றன. எல்லாரையும் ஒரே படியில் நிறுத்தாமல் அவரவர் நிற்கும் படியிலிருந்து கைபிடித்து அழைத்துச் செல்லும் இம்முயற்சிகளின் வெற்றி, வகுப்பறையில் ஆசிரியர் கடைப்பிடிக்கும் அளவறிதலில்தான் அடங்கியுள்ளது.

நிறைவாக

அம்மி நகர வேண்டுமாயின் அடிமேல் அடி வேண்டும். பால் புளிக்காதிருக்க வேண்டுமாயின் அதனைக் காலமறிந்து காய்ச்ச வேண்டும். குழந்தைக்கு நாள்தோறும் ஒரே வாசல் வேண்டும். அவ்வாசலில் நாள்தோறும் ஒரு புதிய கோலம் வேண்டும். இன்று மாலை உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒரு குழந்தை புத்தகத்தோடு உங்கள் அருகில் வந்து அமரலாம். நேற்று அமர்ந்த அதே இடத்தில், அதே நேரத்தில் அக்குழந்தையை அமர்த்துங்கள். நேற்றுக் கற்ற சொல்லை இன்று வேறோர் இடத்தில் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அது கண்டுபிடிக்கும் அந்த நொடியில், ‘எனக்குப் படிப்பு வரும்’ என்னும் நம்பிக்கை அதன் முகத்தில் எழுவதைக் காண்பீர்கள்.

தெரிந்து தெளிவோம்

மரியா மாண்டிசோரி 1939ஆம் ஆண்டு சென்னைக்கு வந்து, அடையாற்றில் உள்ள பிரம்மஞான சபையின் வளாகத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். இரண்டாம் உலகப்போர் காரணமாகச் சில ஆண்டுகள் இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. அக்காலத்தில் கொடைக்கானலிலும் வாழ்ந்து, குழந்தைகளிடையே தம் பணியைத் தொடர்ந்தார்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் வீட்டிலோ அருகிலோ உள்ள ஐந்து வயதுக் குழந்தை ஒன்றின் ஒரு நாள் நிகழ்ச்சிகளை உற்றுநோக்கி, மாறாதவை, மாறுபவை என இரு பட்டியல்களாக எழுதுக.

2. ‘ஏழு’ என்னும் எண்ணைக் கற்பிப்பதற்கு ஐந்து நாள் பயிற்சித் திட்டம் ஒன்றை உருவாக்குக. ஒவ்வொரு நாளும் எது மாறுகிறது, எது மாறவில்லை என்பதைக் குறிப்பிடுக.

3. நீங்கள் ஆடிய பாண்டி, தாயம், பல்லாங்குழி முதலிய விளையாட்டுகளுள் ஒன்றில் ஒழுங்கும் புதுமையும் இணைந்துள்ளமையை வகுப்பறையில் எடுத்துரைக்க.

4. ‘மனப்பாடம் செய்வது கற்றலுக்குத் துணையா, தடையா?’ என்னும் பொருளில் கலந்துரையாடுக.